வேதாரண்யத்தில் அப்பா, அம்மா மட்டும்: புயல் மாதங்களுக்கு முன் என்ன செய்து வைக்கலாம்?

புனேவாசி · அக்டோபர் 9, இரவு 10:42

எங்கள் வீடு வேதாரண்யத்துக்கு வடக்கே. கடல் இரண்டரை கிலோமீட்டர். ஓட்டு வீடு. முன்தாழ்வாரம் மட்டும் கஜா புயலுக்குப் பிறகு சிமெண்ட் ஷீட் போட்டது, பின்னால் தளம் போட்ட சின்னக் குளியலறை ஒன்று. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். இரண்டு மாடு, ஐந்தாறு ஆடு, முப்பத்தைந்து தென்னை, நாலு மாமரம். நான் ஒரே பிள்ளை, வேலை புனேயில்.

2018 நவம்பர் 15 ராத்திரி அப்பாவிடம் கடைசியாகப் பேசியபோது மணி பன்னிரண்டு இருக்கும். "ஓடு போகுதுடா, போனை வை" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்டது ஐந்தாம் நாள். ஊர்க்காரர் ஒருவர் பைக்கில் திருவாரூர் போகிறவர், கையில் பதினேழு பேருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டு போய், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "உங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க" என்று சொன்னார். எனக்கு முதலில் சேதி வந்தது அவரிடமிருந்துதான்.

இப்போது அப்பாவிடம் முன்னேற்பாடு என்று வாயைத் திறந்தால், "கஜாவையே பார்த்தாச்சு, இனி என்ன" என்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், கையில் நாலு நாள். அந்த நாலு நாளில் உருப்படியாக என்ன செய்யலாம்? யூடியூபில் தேடினால் டார்ச், பிஸ்கட், மெழுகுவர்த்தி என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய லைன்மேன் · அக்டோபர் 9, இரவு 11:30

தம்பி, முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மேற்கு மாவட்டத்தில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கஜாவுக்கு எங்கள் ஆட்களையும் லாரியில் ஏற்றி டெல்டாவுக்கு அனுப்பினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்திருந்தன. வயலுக்குள் லாரி போகாது, எட்டுப் பேர் தோள் கொடுத்துக் கம்பத்தைத் தூக்கிப்போவோம். குழி தோண்டினால் இரண்டடியில் ஊற்றெடுக்கும். மண் பிடிக்காமல் கம்பம் மறுபடி சாயும். சில ஊர்களுக்குக் கரண்ட் போக ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஊர் மக்கள் எங்களிடம் விளக்கு எரியவில்லை என்று கேட்கவில்லை. "மோட்டார் ஓடுற அளவுக்காவது குடுங்கண்ணே" என்றுதான் கேட்டார்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. புயல் வந்துதான் கரண்ட் போகும் என்று நினைக்காதீர்கள். காற்று வலுக்கும்போது நாங்களே நிறுத்திவிடுவோம், அறுந்து விழும் கம்பியில் உயிர் போகக் கூடாது என்பதற்காக. ஆகவே காற்று வருவதற்கு முதல் நாளே மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை, காற்று அசைக்காது. காலியாக இருந்தால் பந்து மாதிரி உருண்டு அடுத்த தெருவுக்குப் போகும், போகிற வழியில் யார் மண்டையிலாவது படும்.

இரண்டு மாடு என்கிறீர்கள். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லிட்டர் வேண்டும். மனுசக் கணக்கை மட்டும் போட்டுத் தண்ணீர் பிடித்தால் மூன்றாம் நாள் மாட்டுக்கு முன்னால் வெறும் வாளியோடு நிற்பீர்கள். வீட்டில் அடிபம்பு இருந்ததா? இருந்தால் அதன் வாஷரை மாற்றுங்கள். உங்கள் நாலு நாளில் அரை மணி நேர வேலை, செலவு டீக்காசு.


தோப்புக்காரன் · அக்டோபர் 10, காலை 6:15

பேராவூரணிப் பக்கம். கஜாவுக்கு முன் என்னிடம் 110 மரம். விடிந்து எண்ணினேன், 17. அதிலும் நாலு மரம் குருத்து முறுக்கிக்கொண்டு பிறகு பட்டுப்போனது.

உங்கள் கேள்வி மரத்தைப் பற்றியதல்ல, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் முப்பத்தைந்து மரத்தில் ஏழெட்டாவது வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதை இப்போதே பாருங்கள். வீட்டின் மேல் விழக்கூடிய மரத்தை அப்பா வெட்ட விடமாட்டார். நானும் விடமாட்டேன், வைத்தவனுக்குத்தான் தெரியும். குறைந்தது பாரத்தைக் குறையுங்கள். தலைக்கனம்தான் தென்னையைச் சாய்க்கிறது. முற்றிய காய், இளநீர்க் குலை, தொங்கும் பழைய மட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் காற்றுக்குப் பிடிமானம் குறையும். வேளாண்துறையும் இதைத்தான் சொல்கிறது. புயலுக்கு முந்தைய நாட்களில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது, மண் இளகிக் கிடந்தால் வேரோடு வந்துவிடும்.

ஆனால் இதைப் புயல் அறிவித்த பிறகு செய்ய முடியாது. மரம் ஏறுகிறவர் ஊருக்கு இரண்டு பேர்தான், அன்றைக்கு எல்லாரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஐப்பசி முதல் வாரத்திலேயே ஒரு சுற்று இறக்கிவிடுங்கள்.

அப்புறம் போட்டோ. கஜாவுக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அரசு கொடுத்தது, மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500. முப்பது வருடம் வளர்த்த மரத்துக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு கதை. அதை வாங்கவே எத்தனை மரம் நின்றது என்று காட்ட வேண்டியிருந்தது. சிட்டா அடங்கலில், அதாவது நிலப் பதிவேட்டில், தென்னை என்று ஏறியிருக்கிறதா என்று விஏஓவிடம் பாருங்கள். எனக்கு அதில் 'தரிசு' என்று இருந்தது. அதற்கு நடந்த நடையை எழுதினால் தனி இழை ஆகிவிடும்.


ஹூஸ்டன் மழை · அக்டோபர் 10, காலை 8:50

சொந்த ஊர் மன்னார்குடி, பதினாறு வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே ஹரிகேன் என்கிறார்கள், அங்கே புயல், இரண்டும் ஒரே பிறவிதான். இங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சீசன். ஏற்பாடு எப்படி என்றால், ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டிய பிளைவுட் பலகைகளை எண் போட்டுக் கராஜில் அடுக்கியிருப்போம். உங்கள் வீடு எந்த மண்டலம், எப்போது கிளம்ப வேண்டும் என்பது முன்பே வரைபடத்தில் இருக்கும். வெள்ளக் காப்பீடு எடுத்தால் முப்பது நாள் கழித்துத்தான் செல்லும், ஆகவே புயலை டிவியில் பார்த்துவிட்டு எடுக்க முடியாது.

நீங்களும் பெற்றோரை முன்கூட்டியே வெளியேற்றத் திட்டம் போடுங்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடியுங்கள். ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.


கடலூர்க்காரி · அக்டோபர் 10, காலை 10:05

ஹூஸ்டன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேதாரண்யத்து ஓட்டு வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது, கம்பியும் மரக்கதவும்தான். அங்கே போவது கூரை. கூரை போனால் பின்னாலேயே சுவரும் போகும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை எங்கள் ஊருக்குள் வந்தது. அப்போது எங்கள் வீட்டிலும் முன்பக்கம் ஷீட், பின்பக்கம் ஓடு. இரண்டையும் ஒரே உத்திரத்தில் மாட்டியிருந்தார் கொத்தனார். காற்று தாழ்வாரத்துக்குள் புகுந்து ஷீட்டைக் கீழிருந்து தூக்கியது. தூக்கிய ஷீட் தனியாகப் போகவில்லை, உத்திரத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் ஓடுகள் வரிசையாக, யாரோ சீட்டுக்கட்டைப் பிரித்துவிடுகிற மாதிரி, படபடவென்று கிளம்பின. என் மாமியார் கையில் சாமி படத்தோடு நின்றார். நான் குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மொத்தம் பத்து நிமிடம்கூட இருக்காது.

அதனால் புனேவாசி, உங்கள் நாலு நாளில் இரண்டு நாளைக் கூரைக்குக் கொடுங்கள். தாழ்வாரத்து ஷீட் வீட்டுக் கூரையோடு சேராமல் தனிச் சட்டத்தில் நிற்க வேண்டும், போனால் அது மட்டும் போகட்டும். ஷீட்டை ஆணியால் அடித்திருந்தால் பிடுங்கிவிட்டு, கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் போட்டு, அகல வாஷர் வையுங்கள். விளிம்பிலும் முகட்டிலும்தான் காற்று முதலில் பிடிக்கும், அங்கே போல்ட் நெருக்கமாக இருக்க வேண்டும். ஓட்டின் மேல் மீன்வலையை விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, தரையில் முளையடித்து இறுக்குவார்கள் எங்கள் மீனவக் குப்பங்களில். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஓடு இருக்கும்.

தளம் போட்ட குளியலறை என்றீர்களே, அதுதான் உங்கள் வீட்டின் பாதுகாப்பான அறை. அதில் இருக்கும் பழைய சாமானைக் காலி செய்து இரண்டு பேர் உட்கார இடம் பண்ணுங்கள். ஆனால் அது காற்றுக்கு மட்டும்தான். கடல் உள்ளே வரும் என்றால் அந்த அறையில் அவர்களை உட்கார வைக்கவே கூடாது.


ஹூஸ்டன் மழை · அக்டோபர் 10, காலை 11:40

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஊரை விட்டு வந்து நாளானால் இப்படித்தான் புத்தி போகிறது. பலகையை விடுங்கள்.

ஆனால் கிளம்புவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2005ல் ரீட்டா புயல் வருகிறது என்று இந்த ஊரே ஒரே நேரத்தில் கிளம்பியது. நான் வருவதற்கு முன்பு நடந்தது, இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் இருபது மணி நேரம், பெட்ரோல் தீர்ந்து, வெயிலில் கார்கள். முதியோர் இல்லத்து ஆட்களை ஏற்றிப்போன பேருந்து தீப்பிடித்தது. புயலில் செத்தவர்களைவிட ஓடும்போது செத்தவர்கள் அதிகம். எல்லாரும் தூரமாக ஓட வேண்டியதில்லை. தண்ணீர் வரும் இடத்தில் இருப்பவர் கிளம்ப வேண்டும், அதுவும் பக்கத்தில் மேடான, கெட்டியான கட்டடத்துக்குப் போனால் போதும்.

ஜெனரேட்டர் பற்றிச் சொன்னதையும் திருத்துகிறேன். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது இங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று, சுட்டெரிக்கும் வெயில். ஒவ்வொரு புயலிலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓடவிட்டு அந்தப் புகையில் செத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். வாசனை தெரியாத விஷவாயு, தூக்கத்திலேயே முடிந்துவிடும். வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.


பழைய லைன்மேன் · அக்டோபர் 10, மதியம் 1:20

ஜெனரேட்டர் என்றதும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. கஜா நேரத்தில் வாடகை ஜெனரேட்டரை ஆட்டோவில் வைத்துத் தெருத் தெருவாகப் போய்த் தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தண்ணீர் ஏற்றினார்கள், நல்ல காரியம்தான். ஆனால் சிலர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகிவிடுவார்கள். மெயினை அணைக்கவில்லை என்றால் அந்தக் கரண்ட் வீட்டைத் தாண்டி லைனுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் ஏறும்போது 230 வோல்ட் 11,000 ஆகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவன் மேலே இருப்பான். எங்கள் கேங்கில் ஒரு பையனுக்குக் கை இரண்டும் கருகியது. யார் வீட்டு ஜெனரேட்டர் என்று கடைசி வரை தெரியவில்லை.

லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வேண்டாம். மோட்டாருக்கு மட்டும் தனி ஒயர் போட்டு நேராகக் கொடுங்கள், வீட்டு வயரிங்கைத் தொட வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பியை அப்பா குச்சியால் ஒதுக்குவார், எல்லா அப்பாக்களும் ஒதுக்குவார்கள். ஈரக் குச்சியும் கரண்டைக் கடத்தும் என்று சொல்லி வையுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள், போன் செத்தால் போனுக்குள் இருக்கும் நம்பரும் செத்துவிடும்.


கேள்விக்குறி · அக்டோபர் 10, மாலை 5:02

எல்லாரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? ரெட் அலர்ட் என்று சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் மாடியில் துணி நன்றாகக் காய்கிறது. சொல்லாத அன்றைக்கு முழங்கால் தண்ணீர். இவர்கள் சொல்வதை நம்பி நான் மூன்று முறை மெழுகுவர்த்தி வாங்கியதுதான் மிச்சம்.


வானம் பார்ப்பவன் · அக்டோபர் 10, இரவு 9:48

கோபம் நியாயம்தான். ஆனால் எதை நம்பி எதற்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

ரெட் அலர்ட் பெரும்பாலும் மழைக்குச் சொல்வது, 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று. அது மாவட்டத்துக்கு ஒட்டுமொத்தமாகச் சொல்வது. மாவட்டத்தின் ஒரு முனையில் கொட்டித் தீர்க்கும், இன்னொரு முனையில் உங்கள் துணி காயும். புயல் எச்சரிக்கை வேறு. காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அது புயல், பெயர் வைப்பார்கள். 89ஐத் தாண்டினால் தீவிரப் புயல், 118ஐத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல்.

எங்கே கரையேறும் என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். கஜாவுக்கு முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே என்றார்கள், பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே, கடைசியில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே. முதல் செய்தியோடு டிவியை அணைத்த வேதாரண்யத்துக்காரர் "நமக்கில்லை" என்று படுத்திருப்பார். ஒரு நாள் முன்பு சொல்லும் புயலின் பாதைகூடச் சராசரியாக எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளிப்போகலாம். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் தூரமே அவ்வளவு கிடையாது. எனவே வரைபடத்தில் நடுக்கோடு எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். அந்தக் கோட்டைச் சுற்றி வரைந்திருக்கும் கூம்புக்குள் உங்கள் ஊர் இருந்தால் உங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கண். புயலின் மையம் நேராக உங்கள் மேல் வந்தால் நடுவில் காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வருவார்கள், மாட்டைப் பார்ப்பார்கள், விழுந்த ஓட்டைப் பொறுக்குவார்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்து எதிர்த் திசையிலிருந்து மறுபாதி வரும். நம் கரையில் முதலில் வடக்கிலிருந்து அடித்தால் பிறகு தெற்கிலிருந்து. முதல் பாதியில் தளர்ந்த மரமும் சுவரும் இரண்டாம் பாதியில் மறுபக்கமாக விழும். முதல் பாதியில் பாதுகாப்பாக இருந்த மறைவு இரண்டாம் பாதியில் நேர் காற்றில் இருக்கும். வெளியே வரச் சொல்லி அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.


கடலோடி · அக்டோபர் 11, அதிகாலை 4:35

ஆறுகாட்டுத்துறை. கடலுக்குப் போகும் நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

வானம் பார்க்கிற தம்பி சொன்னது சரி. வடக்குக் காற்றை வாடை, தெற்குக் காற்றைச் சோழகம் என்போம் நாங்கள். வாடை விடாமல் ஊதி, திடீரென்று நின்று, பிறகு சோழகம் திருப்பி அடித்தால் கண் மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

நீங்கள் கேட்காத விசயம், கடல். புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே இருந்தால் காற்று கடலை நம்மைப் பார்த்துத் தள்ளும். தெற்கே இருந்தால் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும், தண்ணீர் உள்வாங்கும். உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், போகக் கூடாது. உங்கள் அப்பா கஜாவையே பார்த்தேன் என்கிறார். கஜா காற்று காட்டிய புயல். அன்றைய தஞ்சை ஜில்லாவில் 1955ல் ராஜாமடம் பக்கம் கடல் பல மைல் உள்ளே வந்தது என்று என் தாத்தா சொல்வார். காற்றைப் பார்த்தவர் தண்ணீரைப் பார்த்தவர் ஆகமாட்டார். இரண்டரை கிலோமீட்டர் எனக்குத் தூரமாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் கூண்டு எண் ஏற்றுவார்கள். 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5லிருந்து 7 அபாயம், 8லிருந்து 10 பெரும் அபாயம். 10 என்றால் நம் மேலேயே வருகிறது. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 8 ஏறும்வரை காத்திருந்து கிளம்பினால் ரோட்டில் மரம் விழ ஆரம்பித்திருக்கும்.

ஒக்கி புயல் சமயத்தில் கன்னியாகுமரி ஆட்கள் கடலில் இருந்தார்கள், சேதி போய்ச் சேரவில்லை. அவர்களுக்குச் சேதி கிடைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குச் சேதி கையில் இருக்கிறது.


புனேவாசி · அக்டோபர் 11, காலை 9:15

எல்லாருக்கும் நன்றி. கடலோடி அண்ணன் இதை நேற்றே எழுதியிருந்தால் தூங்கியிருக்கமாட்டேன், இன்று காலைதான் படித்தேன், நல்லதாயிற்று.

பிரச்சினை என்னவென்றால், அப்பா கிளம்பமாட்டார். புயல் பாதுகாப்பு மையம் எங்கள் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், நல்ல கட்டடம். "மாட்டை யார் பார்ப்பா" என்கிறார். அம்மா "அங்க கக்கூஸ் எப்படி இருக்குமோ" என்கிறார். இதற்கு என்ன பதில்?


கடலூர்க்காரி · அக்டோபர் 11, காலை 10:30

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பெண்கள் முகாமுக்கு வராததற்கு முக்கால்வாசிக் காரணம் அது. முன்பே ஒரு நாள் சும்மா போய்க் காட்டிவிட்டு வாருங்கள். விஏஓவிடம் சாவி இருக்கும். எந்த அறை, எங்கே கழிப்பறை, மாத்திரைப் பெட்டியை எங்கே வைப்பது என்று அம்மா கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அல்லது 'வெளியேறுவது' என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தளம் போட்ட வீட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அன்றைக்குக் காலையில் போன் பண்ணி "ஒரு நாள் வந்து இருங்களேன், எனக்கும் துணையாக இருக்கும்" என்று கூப்பிட வேண்டும். என் மாமியார் முகாமுக்கு வரமாட்டேன் என்று சண்டை போட்டவர், நாத்தனார் வீட்டுக்கு விருந்து என்றதும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

இன்னொன்றும் மறக்காமல் சொல்ல வேண்டும், 2024ல் ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் அங்கேயே நின்றுவிட்டது, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 50 செ.மீ.யை ஒட்டி மழை. எங்கள் பக்கம் மழை விட்டு, வெயில்கூட எட்டிப்பார்த்தது. முகாமிலிருந்து வீட்டுக்கு வந்து துணியைக் காயப்போட்டோம். அப்புறம்தான் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தது. காற்று முடிந்தால் ஆற்றங்கரைக்காரர்களுக்கு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.


தோப்புக்காரன் · அக்டோபர் 11, மதியம் 12:50

மாட்டுக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. கஜாவில் எங்கள் தெருவில் செத்த மாடுகள் எல்லாம் கட்டுத்தறியில் செத்தவை. கொட்டகை மேலே விழுந்தது, கயிறு கழுத்தில். அவிழ்த்துவிட்ட என் பக்கத்து வீட்டுக்காரர் மாடு இரண்டாம் நாள் தானாக வந்து வாசலில் நின்றது, ஒரு கொம்பு மட்டும் இல்லை.

முதல் நாளே மேட்டில் இருக்கும் திடலுக்கு ஓட்டிப்போய்விடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள். மாட்டுக்கு நம்மைவிடப் புத்தி அதிகம். அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள், கோபித்துக்கொள்வார், ஆனால் கேட்பார்.


செவிலி · அக்டோபர் 11, இரவு 8:20

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அம்மாவின் இன்சுலினுக்காக எழுதுகிறேன்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் வெறும் பீரோதான். திறந்த குப்பியோ பேனாவோ அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால். திறக்காத குப்பிகளுக்கு மண்பானை வழி. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. மணலுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினை எறிய வேண்டியதுதான். ஒரு மாதத்துக்கான மருந்தும் ஊசியும் கையிருப்பில் இருக்கட்டும், மருந்துச் சீட்டு நகலும். சாப்பாடு நேரம் தவறுகிற நாட்களில் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும், எனவே பக்கத்திலேயே சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ வேண்டும். அளவைக் கூட்டிக் குறைப்பது பற்றி இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புயலுக்குப் பிறகு எங்களிடம் வருகிறவர்களில் காற்றில் அடிபட்டவர்கள் கொஞ்சம்தான். கூரையைச் சரிசெய்ய ஏறி விழுந்தவர்கள், ஆணி குத்தியவர்கள், பாம்பு கடித்தவர்கள், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வருகிறவர்கள் நிறைய. வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் கண்டிப்பாக மூடி, ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். சர்க்கரைக்காரருக்கு இது இரட்டைக் கவனம். தண்ணீரைக் காய்ச்சுங்கள், விறகு நனைந்திருந்தால் குளோரின் மாத்திரை நாங்களே கொடுப்போம், கேட்டு வாங்குங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம், ஆடாமல் அசையாமல் நேராக அரசு மருத்துவமனை.

பக்கத்து வீட்டில் நிறைமாதப் பெண் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். முன்பே கணக்கெடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு பேர் பட்டியலில் விட்டுப்போகும்.


நெறியாளர் · அக்டோபர் 11, இரவு 10:10

கஜா நிவாரணத்தில் எந்தக் கட்சி என்ன செய்தது என்ற ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே நன்றாகவே நடக்கிறது.


புனேவாசி · அக்டோபர் 25, இரவு 9:30

ஊருக்குப் போய் வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தாழ்வாரத்து ஷீட்டைக் கழற்றினோம். கடலூர்க்காரி அக்கா சொன்னது அச்சு அசலாக எங்கள் வீடுதான், இரண்டும் ஒரே உத்திரத்தில். தனிக்கால் நட்டுத் தனிச் சட்டம் போட ஒன்றரை நாள் ஆயிற்று. கழற்றிய ஆணிகளை அப்பா ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. மீன்வலை வாங்கிப் பரணில் போட்டிருக்கிறோம். அடிபம்புக்கு வாஷர் மாற்றியதும் பழுப்பாக ஒரு வாளி வந்து, பிறகு நல்ல தண்ணீர் வந்தது. அம்மா அந்த நேரத்தில் சிரித்தது கஜாவுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பிலேயே பெரியது.

அம்மாவைப் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போனேன். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஐம்பது ரூபாய்க்குத் தாழ்ப்பாள் வாங்கி நானே மாட்டினேன். விஏஓ "இதுக்கு எஸ்டிமேட் போட்டா ஆறு மாசம் ஆகும் சார்" என்று சிரித்தார்.

வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் இரண்டு தென்னையை வெட்டலாம் என்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "குலையை மட்டும் இறக்கிக்கலாம்" என்றார். சரி என்றேன்.

அடங்கலில் தென்னை சரியாக ஏறியிருந்தது. மாமரத்தைக் காணவில்லை. மனு கொடுத்திருக்கிறேன்.


ஹூஸ்டன் மழை · அக்டோபர் 25, இரவு 11:05

அந்தப் பதினேழு நம்பர் கதை மனசிலேயே நிற்கிறது தம்பி. இந்த முறை ஒரு தாளில் எல்லார் நம்பரையும் எழுதி, ஊரில் பைக் வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம் முன்பே கொடுத்து வையுங்கள். செயற்கைக்கோள் போனைவிட மலிவு.


புனேவாசி · நவம்பர் 14, காலை 7:50

போன வாரம் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், டெல்டாவுக்கு எச்சரிக்கை என்று வந்தது. மன்னார்குடியிலிருந்து சித்தி போன் போட்டு "தனியா இருக்க பயமா இருக்கு" என்றார், நான் சொல்லிக்கொடுத்ததுதான். அம்மா உடனே மருந்துப் பானையோடு கிளம்பிவிட்டார். அப்பா மாட்டைத் திடலுக்கு ஓட்டிவிட்டு, தொட்டியை நிரப்பிவிட்டு, மறுநாள் கடைசி பஸ்ஸில் போனார். பைக்காரப் பையனிடம் நம்பர் தாள் இருக்கிறது, இந்த முறை இருபத்தி மூன்று வீடு.

புயல் வரவில்லை. வலுவிழந்து தூறலாகப் போய்விட்டது. கேள்விக்குறி அண்ணன் சந்தோசப்படுவார், எங்கள் ஊரிலும் துணி காய்ந்தது.

நேற்று அப்பா போன் செய்து அரை மணி நேரம் திட்டினார். நாற்பது இளநீர்க் குலையை அநியாயத்துக்கு இறக்க வைத்துவிட்டேனாம். வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுத்தானாம். வைக்கும்போது கேட்டார், "அந்த ஜே போல்டு இன்னும் பத்து கிடைக்குமா? மாட்டுக் கொட்டாய்க்குப் போடணும்."

தோப்புக்காரன் அண்ணா, மாட்டுக் கொட்டகைக்கு எத்தனை அடிக்கு ஒரு போல்ட் வைக்கலாம்?